கோடு கிழிப்பவர் யார்?

திண்டிவனத்திலிருந்து புதுவைக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலே இருக்கிறது கிளியனூர். கோட்டை இல்லை, கொத்தளம் இல்லை, கோலோச்சிய மன்னன் நட்டுவைத்த கொடிமரம் இல்லை. மல்லாட்டைக் கொல்லை உண்டு. சவுக்குத் தோப்பு உண்டு. விடியுமுன் எழுந்து புதுவைக்குக் கட்டட வேலைக்குப் பேருந்து ஏறுகின்ற உழைப்பாளிகள் உண்டு. வானூர் வட்டாரத்துக் கல்குவாரிகளிலே வெயிலோடு வெயிலாய் வெந்து கல்லுடைக்கும் தோழர்கள் உண்டு.

இந்த ஊர் ஓரடி கூட நகர்ந்ததில்லை. ஏரி நகரவில்லை, தெரு நகரவில்லை, சாவடி நகரவில்லை. ஆனால் இந்த ஊரின் முகவரியோ நகர்ந்துகொண்டேயிருக்கிறது! தென்னார்க்காடு மாவட்டத்து ஊராக இருந்தது; 1993-லே மாவட்டம் பிரிந்தபோது விழுப்புரம் மாவட்டத்து ஊராயிற்று. திண்டிவனம் பாராளுமன்றத் தொகுதியிலே இருந்தது. 2009 தேர்தலிலே விழுப்புரம் பாராளுமன்றத் தொகுதியிலே இருக்கக் கண்டது. கிளியனூரான் எங்கேயும் குடிபோகவில்லை. கோடு குடிபோயிற்று!

யார் கிழித்த கோடு இது? எங்கே உட்கார்ந்து கிழித்தார்கள்? யாரைக் கேட்டுக் கிழித்தார்கள்?

ஓட்டுப் போடுகிறோம், தோழர்களே! வெயிலிலே வரிசையில் நின்று போடுகிறோம். வேட்பாளர் யார் என்று பார்க்கிறோம், சின்னம் எது என்று பார்க்கிறோம், கொள்கை என்ன என்று கேட்கிறோம். ஆனால் அந்த ஓட்டு எந்த எல்லைக்குள்ளே எண்ணப்படுகிறது, அந்த எல்லையை வகுத்தவர் யார் என்று கேட்கிறோமா? களத்திலே நெல்லைக் குவித்துவிட்டு, மரக்கால் யாருடையது என்று கேட்காமல் வீடு திரும்புகிற உழவன் உண்டா? மரக்காலைப் பற்றிப் பேசுவோம் இன்று.

அயலான் கிழித்த கோடு

கோடு என்றால் என்ன என்பதை இந்த வட்டாரத்தானுக்குப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. கிளியனூரிலிருந்து தெற்கே போனால் சற்று நேரத்திலே புதுவை எல்லை. அந்த எல்லை நேராகவா போகிறது? ஓர் ஊர் தமிழ்நாடு, அடுத்த ஊர் புதுவை, அதற்கடுத்த ஊர் மறுபடியும் தமிழ்நாடு! காலாப்பட்டு புதுவையைச் சேர்ந்தது. ஆனால் புதுவை நகரிலிருந்து காலாப்பட்டுக்குப் போகவேண்டுமானால் தமிழ்நாட்டு மண்ணைக் கடந்துதான் போகவேண்டும்.

இந்த விந்தை எப்படி விளைந்தது? ஐரோப்பாவிலே நெப்போலியனோடு நடந்த போரிலே பிரெஞ்சுக்காரன் தோற்றான். 1814-லே பாரிசு நகரிலே உடன்படிக்கை. 1792 சனவரி முதல் நாளன்று பிரெஞ்சுக்காரனிடம் எந்தெந்த ஊர் இருந்ததோ, அந்தந்த ஊரை மட்டும் திருப்பித் தருவது என்று வெள்ளையர் இருவர் தங்களுக்குள்ளே பேசி முடித்தனர். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த ஊர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே திரும்பப் போயின. பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் முதல் நாள் போய்விட்டது. வெள்ளையன் இருவருமே போய்விட்டான். கோடு மட்டும் போகவில்லை!

கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டம். இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை. கோடு கிழித்தவன் செத்து இருநூறு ஆண்டானாலும், கோடு உயிரோடு இருந்து ஆட்சி செய்யும். இதை மனத்திலே இருத்திக்கொண்டு தொகுதிக் கதைக்கு வருவோம்.

ஓர் ஊர், இரண்டு உறுப்பினர்

1952-க்கு முன்னாலே இந்த நாட்டிலே தேர்தல் நடந்ததில்லையா? நடந்தது. யாருக்கு? வரி கட்டியவருக்கு, சொத்து வைத்திருந்தவருக்கு, எழுத்தறிந்தவருக்கு. பண்ணையிலே உழைத்தவனுக்கு ஓட்டு இல்லை. பண்ணைக்குச் சொந்தக்காரனுக்கு இருந்தது. 21 வயது நிரம்பிய எல்லோருக்கும் ஓட்டு என்ற நிலை முதல் பொதுத் தேர்தலிலேதான் வந்தது. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டிமேலே சின்னம், எழுதத் தெரியாதவன் சின்னத்தைப் பார்த்துச் சீட்டைப் போட்டான்.

அந்த முதல் தேர்தலிலே திண்டிவனம் பாராளுமன்றத் தொகுதிக்கு ஓர் உறுப்பினர் அல்ல, இருவர்! இரட்டை உறுப்பினர் தொகுதி என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு ஓட்டு. ஓரிடம் தாழ்த்தப்பட்டோருக்கென ஒதுக்கியது, மற்றோரிடம் பொது. திண்டிவனம் யாரை அனுப்பியது? நாடாண்ட காங்கிரசையா? இல்லை. தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியைச் சேர்ந்த வி. முனிசாமி, ஏ. ஜெயராமன் என்ற இருவரை அனுப்பியது. 1951-லே எஸ். எஸ். இராமசாமி படையாட்சியார் தொடங்கிய கட்சி அது. தொடங்கி ஆண்டு திரும்புமுன் சென்னைச் சட்டசபையிலே 19 இடம், பாராளுமன்றத்திலே 4 இடம்! அந்த நாலிலே இரண்டு திண்டிவனம் தந்தவை.

எண்ணிப் பாருங்கள். ஒதுக்கிய இடத்துக்கும் பொது இடத்துக்கும் ஒரே தொகுதி, ஒரே மேடை, ஒரே ஊர்வலம். சேரிக்கும் ஊருக்கும் தனித்தனியே ஓட்டுக் கேட்கமுடியாத ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டுக்கு என்ன நேர்ந்தது? 1957-லே ஆந்திரத்துப் பார்வதிபுரத்திலே ஒரு வேடிக்கை நடந்தது. அதுவும் இரட்டைத் தொகுதி. ஓரிடம் பழங்குடியினருக்கு ஒதுக்கியது. பொது இடத்துக்கு நின்றவர் வி. வி. கிரி, தொழிற்சங்கத் தலைவர், பின்னாளிலே குடியரசுத் தலைவரானவர். ஓட்டை எண்ணினார்கள். ஓட்டு அதிகம் பெற்ற இருவருமே பழங்குடியினர்! ஒதுக்கிய இடம் ஒருவருக்கு, பொது இடமும் மற்றொருவருக்கு! கிரி தோற்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. பழங்குடியினர் பொது இடத்தையும் வெல்லலாம், அதிலே தவறில்லை என்று 1959-லே தீர்ப்பாயிற்று.

தீர்ப்பு வந்த இரண்டே ஆண்டில், 1961-லே, இரட்டை உறுப்பினர் தொகுதிகளையே ஒழித்துச் சட்டம் வந்துவிட்டது. தொகுதி பெரிது, செலவு அதிகம் என்றெல்லாம் காரணம் கூறினர். இருக்கலாம். ஆனால் ஒடுக்கப்பட்டவன் ஒதுக்கிய நாற்காலியிலே உட்கார்ந்தவரை பொறுத்திருந்தவர்களுக்கு, அவன் பொது நாற்காலியிலும் உட்கார முடியும் என்று தெரிந்த பிறகுதான் நாற்காலியின் அமைப்பே பிடிக்காமல் போயிற்று என்று ஒருவன் நினைத்தால், அவன்மீது குற்றம் சொல்ல முடியுமா?

திண்டிவனம் என்ற பெயர்

இரட்டை போயிற்று. திண்டிவனம் ஒற்றைத் தொகுதியாக, பொதுத் தொகுதியாக நீடித்தது. அதன் வரலாறு அலாதியானது.

1967-லே தமிழகமெங்கும் காங்கிரசுக் கோட்டைகள் சரிந்தன. 39 பாராளுமன்றத் தொகுதிகளிலே காங்கிரசுக்கு மிஞ்சியவை மூன்றே மூன்று. அந்த மூன்றிலே ஒன்று திண்டிவனம்! டி. டி. ஆர். நாயுடு வென்றார். நாடு ஒரு பக்கம் ஓடினால் நான் மறுபக்கம் போவேன் என்று நின்ற தொகுதி. 1980-லும் 1984-லும் அதே தொகுதியிலே காங்கிரசு உறுப்பினராக வென்றவர் யார் தெரியுமா? 1952-லே காங்கிரசை எதிர்த்து இரண்டு பேரை அனுப்பிய அதே இராமசாமி படையாட்சியார்! 1996-லே தி.மு.க. வென்றது, 1999-லே ம.தி.மு.க.வின் செஞ்சி இராமச்சந்திரன் வென்று மத்திய அமைச்சராகவும் ஆனார்; 2004-லே பா.ம.க. வென்றது. யாருக்கும் பட்டா எழுதிக் கொடுக்காத தொகுதி இது.

2004-தான் கடைசி. அதன்பின் திண்டிவனம் என்ற பாராளுமன்றத் தொகுதியே இல்லை. தோற்றுப் போகவில்லை, தோழர்களே! துடைக்கப்பட்டது.

2002-லே நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலே தொகுதி மறுவரையறை ஆணையம் அமைந்தது. அதன் ஆணை 2008 பிப்ரவரி 19-லே நடைமுறைக்கு வந்தது. திண்டிவனம் பாராளுமன்றத் தொகுதி மறைந்து, விழுப்புரம் என்ற தனித்தொகுதி பிறந்தது. திண்டிவனம், வானூர், விழுப்புரம், விக்கிரவாண்டி, திருக்கோவிலூர், உளுந்தூர்ப்பேட்டை என ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அதன் உறுப்புகள். திண்டிவனம் சட்டமன்றத் தொகுதியும் தனித்தொகுதியாயிற்று. வானூர் முன்பே தனித்தொகுதி. கண்டமங்கலம், மேல்மலையனூர், முகையூர் என்ற சட்டமன்றத் தொகுதிகள் பட்டியலிலிருந்தே நீங்கின; மயிலம் என்ற புதுத் தொகுதி வந்தது.

இனிக் கூத்தைக் கேளுங்கள். மயிலம் எங்கே இருக்கிறது? கிளியனூருக்குப் பக்கத்திலே, ஒரே சந்தை, ஒரே கொண்டான் கொடுத்தான் உறவு. அந்த மயிலமும் செஞ்சியும் ஆரணி பாராளுமன்றத் தொகுதியிலே சேர்ந்தன! ஆரணி எங்கே? திருவண்ணாமலை மாவட்டத்திலே. கிளியனூருக்குக் கூட்டாளி யார்? விழுப்புரம் தாண்டி அந்தக் கோடியிலே இருக்கும் உளுந்தூர்ப்பேட்டை. 2019-லே மாவட்டம் மறுபடி பிரிந்தபோது உளுந்தூர்ப்பேட்டை கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குப் போய்விட்டது. அண்டை வீட்டான் வேறு தொகுதி. வேறு மாவட்டத்தான் நம் தொகுதி!

சட்டம் என்ன சொல்லுகிறது? தொகுதி என்பது கூடியமட்டும் ஒன்றோடொன்று ஒட்டிய நிலப்பரப்பாக இருக்கவேண்டும். ஆறு, மலை போன்ற இயற்கை அமைப்பு, நிர்வாக எல்லை, போக்குவரத்து வசதி, மக்களின் வசதி ஆகியவற்றைக் கவனித்து வகுக்கவேண்டும் என்கிறது. மக்களின் வசதி! கிளியனூர்ச் சாவடியிலே யாரேனும் வந்து உட்கார்ந்து, உங்கள் வசதி யாது என்று கேட்டார்களா?

வழி இல்லாமலில்லை. வரைவை அரசிதழிலே வெளியிடவேண்டும், மறுப்புகளைப் பெறவேண்டும், பொது அமர்வு நடத்திக் கேட்கவேண்டும் என்பது சட்டம். ஆணையத்துக்குத் துணையாக ஒவ்வொரு மாநிலத்திலும் பாராளுமன்ற உறுப்பினர் ஐவர், சட்டமன்ற உறுப்பினர் ஐவர். ஆனால் அந்தப் பத்துப் பேருக்கும் பேச வாயுண்டு, ஓட்டு இல்லை! ஆணை வெளியானபின் அது சட்டத்துக்குச் சமம். உச்சயினியைச் சேர்ந்த மேக்ராஜ் கோத்தாரி என்பவர் தம் தொகுதி விஷயமாக வழக்காடினார். அந்த ஆணையை நீதிமன்றத்திலே கேள்வி கேட்க முடியாது என்று 1966-லே உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. வெளிப்படையாகத் தன்னிச்சையான ஆணையானால் நீதிமன்றம் பார்க்கலாம் என்று அதே உச்ச நீதிமன்றம் 2024-லே கதவைச் சற்றே திறந்தது. ஆக, பேசவேண்டிய நேரம் வரைவு வெளியாகும் நேரம். அதை விட்டுவிட்டால் அடுத்த வாய்ப்புக்கு ஒரு தலைமுறை காத்திருக்கவேண்டும்.

தனித்தொகுதி என்றால்...

கோட்டைப் பற்றிக் குறை சொல்லும்போது சில குரல்கள் இடையிலே புகுந்துகொள்ளும். "தொகுதி போயிற்றே என்பதல்ல எங்கள் வருத்தம், அதைத் தனித்தொகுதி ஆக்கிவிட்டார்களே!" என்று தேநீர்க் கடையிலே முணுமுணுப்பவர் உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரைக்கு மானமில்லை.

தனித்தொகுதி என்றால் என்ன? தாழ்த்தப்பட்டவர் மட்டும் ஓட்டுப் போடும் தொகுதியா? இல்லை. எல்லோரும் ஓட்டுப் போடுகிறார்கள். நிற்பவர் மட்டும் தாழ்த்தப்பட்ட வகுப்பினராக இருக்கவேண்டும், அவ்வளவே. தனி வாக்காளர் தொகுதி வேண்டுமென்று அண்ணல் அம்பேத்கரும், நம் மதுராந்தகத்துக்கு அருகே கோழியாளத்திலே பிறந்த இரட்டைமலை சீனிவாசனும் இலண்டன் வட்டமேசையிலே வாதாடினார்கள். 1932 ஆகஸ்டிலே கிடைத்தது. செப்டம்பரிலே காந்தியார் உண்ணாநோன்பிருந்தார். பூனா ஒப்பந்தத்திலே அது போயிற்று. தனி வாக்குக்கு ஈடாகக் கிடைத்ததுதான் ஒதுக்கீட்டு இடம். சென்னை மாகாணத்துக்கு மட்டும் 30. பெரியதைக் கொடுத்துச் சிறியதைப் பெற்றார்கள். அந்தச் சிறியதையும் உறுத்துகிறது என்றால், உறுத்துவது தொகுதியல்ல. உள்ளத்திலே ஒளிந்திருக்கும் சாதி!

1957 முதல் 2004 வரை திண்டிவனம் பொதுத் தொகுதியாகத்தானே இருந்தது? எத்தனை தேர்தல்! அப்போது, "எங்களுக்கு முறை எப்போது?" என்று கேட்ட சேரித் தோழனுக்குப் பதில் சொன்னவர் யார்? விழுப்புரம் தனித்தொகுதியான பிறகு 2009-லும் 2014-லும் அ.தி.மு.க. வென்றது, 2019-லே து. இரவிக்குமார் உதயசூரியன் சின்னத்திலே நின்று 1 லட்சத்து 28 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்திலே வென்றார். 2024-லே விடுதலைச் சிறுத்தைகளின் பானைச் சின்னத்திலே நின்று 70 ஆயிரத்துக்கு மேல் வித்தியாசத்திலே மறுபடியும் வென்றார். அந்த ஓட்டுகள் ஒரு சாதியார் போட்டவையா? ஊரும் சேரியும் சேர்ந்து போட்டவை. கோடு கிழித்த முறையைக் குறை சொல்வோம். கோட்டுக்குள்ளே பிறந்த சமநீதியைக் குறை சொல்லமாட்டோம்.

ஏழு பேர் அனுப்பிய இருவர்

கோட்டைக் கிழித்துக் குடிமக்களை ஏய்ப்பது நம் நாட்டிலே மட்டும் நடந்ததல்ல. மக்களாட்சியின் தாய்வீடு என்று புகழப்பட்ட இங்கிலாந்தைப் பாருங்கள். பழைய சாரம் என்றொரு தொகுதி. அங்கே ஊரே கிடையாது. புல் முளைத்த மேடு. ஆனால் அந்த மேட்டுக்கு இரண்டு பாராளுமன்ற உறுப்பினர்! 1832-லே சீர்திருத்தச் சட்டம் வந்தபோது அங்கே ஓட்டுரிமை பெற்றிருந்தவர் ஏழு பேர். அதே நேரத்திலே ஆயிரமாயிரம் தறிகள் முழங்கிய மான்செஸ்டர் நகருக்கு ஓர் உறுப்பினர் கூடக் கிடையாது. மேட்டுக்கு இருவர், மக்களுக்கு ஒருவருமில்லை!

1832 சட்டம் மேட்டின் உரிமையைப் பறித்தது. ஆனால் தொழிலாளிக்கு ஓட்டுத் தரவில்லை. 1838-லே இலண்டன் தொழிலாளர்கள் மக்கள் சாசனம் ஒன்றை எழுதினார்கள். கோரிக்கை ஆறு. வயது வந்த ஆண்களுக்கு ஓட்டு, இரகசிய வாக்கு, உறுப்பினருக்குச் சம்பளம் என்ற கோரிக்கைகளோடு, எல்லாத் தொகுதியும் சமமான தொகுதியாக இருக்கவேண்டும் என்பதும் அவற்றிலே ஒன்று. கவனியுங்கள், தோழர்களே! தொகுதி எல்லை என்பது வக்கீல்களின் விஷயமல்ல. அதை முதலிலே கையிலெடுத்தவர்களிலே ஆலைத் தொழிலாளியும் தச்சனும் இருந்தார்கள்.

அமெரிக்காவிலே 1812-லே மாசசூசெட்ஸ் ஆளுநர் கெரி என்பவர் தம் கட்சிக்குச் சாதகமாகத் தொகுதி வகுத்த சட்டத்திலே கையெழுத்திட்டார். படத்தைப் பார்த்தவர்கள், வளைந்து நெளிந்து கிடந்த ஒரு தொகுதியைச் சாலமாந்தர் என்ற பல்லி போன்ற உயிரினத்தோடு ஒப்பிட்டுச் சிரித்தார்கள். அன்று முதல் இந்த மோசடிக்கே அவர் பெயர் நிலைத்துவிட்டது.

கனடாவிலே நம்மவர் தொகுதி

நல்ல எடுத்துக்காட்டும் உண்டு. கனடாவிலே டொரொண்டோ நகரின் கிழக்குப் புறநகர் ஸ்கார்பரோ. 1983-லே இலங்கையிலே தமிழர் குருதி தெருவிலே ஓடியபோது, உயிரைக் கையிலே பிடித்துக்கொண்டு ஓடியவர்கள் பல்லாயிரவர் குடியேறிய இடம். 2011-லே அங்கே ஸ்கார்பரோ–ரூஜ் ரிவர் தொகுதியிலே இராதிகா சிற்சபைஈசன் வென்று, கனடிய பாராளுமன்றத்தின் முதல் தமிழ் உறுப்பினரானார். அடுத்த தேர்தலுக்குள் அந்தத் தொகுதியும் பிரிந்து மறைந்தது. அங்கேயும் கோடு நகரும். பத்தாண்டுக்கொருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுத்ததும் நகரும். 2015-லே புதிதாக அமைந்த ஸ்கார்பரோ–ரூஜ் பார்க் தொகுதியிலே கரி ஆனந்தசங்கரி வென்றார். 2025 தேர்தலுக்குள் அதுவும் மாறி ஸ்கார்பரோ–கில்ட்வுட்–ரூஜ் பார்க் ஆயிற்று. டொரொண்டோ நகரமே ஓர் இடத்தை இழந்து 25-லிருந்து 24-க்கு இறங்கியது.

ஆனால் முறையிலே மூன்று வேறுபாடு. ஒன்று, கோடு கிழிப்பது தலைநகர் ஒட்டாவாவிலே உட்கார்ந்திருக்கும் ஒற்றை ஆணையமல்ல. 1964 சட்டப்படி மாகாணத்துக்கொரு ஆணையம், மாகாணத் தலைமை நீதிபதி நியமிக்கும் நீதிபதி அதன் தலைவர். இரண்டு, இரு தொகுதி சேர்ந்தால் இரு பெயரும் சேர்ந்து நிற்கின்றன. நம் திண்டிவனத்துக்கோ பெயரும் மிஞ்சவில்லை! மூன்றாவதுதான் தலையாயது. கனடாவிலே ஓர் உறுப்பினருக்குச் சராசரி 1 லட்சத்து 20 ஆயிரத்தையொட்டிய மக்கள். ஆனால் பிரின்ஸ் எட்வர்ட் தீவு என்ற சின்னஞ்சிறு மாகாணத்திலே 2021 கணக்குப்படி மொத்தமே 1 லட்சத்து 54 ஆயிரம் பேர். அவர்களுக்கு உறுப்பினர் நால்வர்! ஏன்? கூட்டாட்சியிலே சிறியவன் நசுங்கக்கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணம் கணக்குப்படி 78-லிருந்து 77-க்கு இறங்கவேண்டியிருந்தது. 2022-லே பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, இருந்த இடத்திலே எந்த மாகாணத்துக்கும் குறையக்கூடாது என்று ஆக்கியது. ஓரிடம், தோழர்களே! ஒரே ஓரிடத்துக்காக!

நமக்குப் போன இரண்டு

நமக்கு? 1962-லே சென்னை மாநிலத்துக்குப் பாராளுமன்றத்திலே 41 இடம். 1967-லே 39. இரண்டு போயிற்று. குற்றம் என்ன? மக்கள்தொகை மற்ற மாநிலங்களைப்போல் பெருகவில்லை! 2021 ஆகஸ்டிலே சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஒரு வழக்கிலே, குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காக நடத்தியதற்கா இந்தத் தண்டனை என்ற பொருளிலே கேள்வி எழுப்பியது.

கணக்கைப் பாருங்கள். 1971-லே தமிழ்நாட்டிலே 4 கோடியே 12 லட்சம் பேர்; 39 உறுப்பினர். ஒருவருக்குப் பத்தரை லட்சம். அன்றைய உத்தரப்பிரதேசத்திலே 8 கோடியே 83 லட்சம் பேர், 85 உறுப்பினர். ஒருவருக்கு ஏறக்குறைய அதே அளவு. 1976-லே 42-வது திருத்தம் இடங்களின் எண்ணிக்கையை அப்படியே நிறுத்தியது. குடும்ப நலத் திட்டத்தை நிறைவேற்றிய மாநிலம் இடத்தை இழக்கக்கூடாது என்பதே நோக்கம். 2002-லே நடைமுறைக்கு வந்த 84-வது திருத்தம், 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் மக்கள்தொகைக் கணக்கு வெளியாகும்வரை அந்தத் தடையை நீட்டியது. 2008-லே கிளியனூரின் எல்லை மாறியும் தமிழ்நாட்டின் 39 மாறாததற்குக் காரணம் இதுதான்.

2011-க்கு வாருங்கள். தமிழ்நாடு 7 கோடியே 21 லட்சம். உறுப்பினருக்குப் பதினெட்டரை லட்சம். உத்தரகாண்ட் பிரிந்துபோன பிறகும் உத்தரப்பிரதேசம் 19 கோடியே 98 லட்சம், 80 உறுப்பினர், ஒருவருக்கு 25 லட்சம். இருக்கும் 543 இடத்தை இந்தத் தலைக்கணக்குப்படியே பங்கிட்டால் உத்தரப்பிரதேசத்துக்கு 90-ஐ ஒட்டி. தமிழ்நாட்டுக்கு 32-ஐ ஒட்டி!

"அதுதானே நியாயம்? ஓட்டுக்கு ஓட்டுச் சமம் என்று சாசனம் எழுதியவர்களைப் புகழ்ந்தாயே!" என்று கேட்பவர் கேட்பர். நல்ல கேள்வி. உத்தரப்பிரதேசத்து உழவன் நமக்குப் பகைவனல்ல. தன் ஓட்டுக்கு எடை குறைகிறது என்று அவன் சொல்வதிலே உண்மை இருக்கிறது. ஒரு மாநிலத்துக்குள்ளே தொகுதிக்குத் தொகுதி சமமாக இருக்கவேண்டும், அதிலே விட்டுக்கொடுக்கமாட்டோம். ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் என்பது வேறு கணக்கு. கூட்டுக் குடும்பத்திலே தம்பிக்குப் பிள்ளை இரண்டு, அண்ணனுக்குப் பிள்ளை ஆறு என்பதற்காகத் தம்பியைத் திண்ணையிலே உட்காரவைத்து, அண்ணன் வீட்டார் மட்டும் கூடிக் குடும்ப முடிவெடுப்பது முறையாகுமா? அதுவும், "நாமிருவர் நமக்கிருவர்" என்று சுவர்தோறும் எழுதியவன் குடும்பத் தலைவனே என்றிருக்கும்போது? அந்த உழவனின் குறையைத் தீர்க்க வழி தேடுவோம். நம் குரலை அறுத்துத்தான் அவன் குறையைத் தீர்க்கவேண்டும் என்பதை ஏற்கமாட்டோம்.

2025 மார்ச் 5-லே சென்னையிலே அனைத்துக் கட்சிக் கூட்டம் கூடியது இதற்காகத்தான். அதே மாதம் 22-லே பல மாநிலத் தலைவர்கள் சென்னைக்கு வந்து கூடியதும் இதற்காகத்தான். 2023-லே நிறைவேறிய 106-வது திருத்தம், பெண்களுக்கான மூன்றிலொரு பங்கு இடத்தையும் மறுவரையறையின் வாலிலே கட்டி வைத்தது. பெண்ணுக்கு உரிமை தருவதற்கும் மாநிலத்தின் கோடு அழிவதற்கும் என்ன தொடர்பு? இருந்த இடங்களிலேயே மூன்றிலொரு பங்கைத் தந்திருக்கலாமே!

கிளை செய்யவேண்டிய வேலை

எண்ணிக்கைப் போர் தில்லியிலே நடக்கும். அதற்குத் தலைவர்கள் இருக்கிறார்கள். எல்லைப் போர் கிளியனூரிலே நடக்கும். அதற்கு நாம்தான் இருக்கிறோம்.

கிளைக்குக் கிளை தொகுதி வரைபடம் ஒன்று சுவரிலே தொங்கட்டும். வாக்குச் சாவடிப் பட்டியலும் ஊர்ப் பட்டியலும் பக்கத்திலே இருக்கட்டும். மறுவரையறை வரைவு அரசிதழிலே வெளியாகும் நாளிலே, படித்த இளைஞர் நாலு பேர் உட்கார்ந்து ஊர் ஊராக ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த ஊர் எங்கே போயிற்று? ஏன் போயிற்று? தாலுகா அலுவலகத்துக்கு எத்தனை பேருந்து மாறவேண்டும்? உறுப்பினரைப் பார்க்க எத்தனை நாள் கூலியை இழக்கவேண்டும்? இவற்றை எழுதுங்கள். உணர்ச்சியோடு பேசுவது மேடைக்கு. மனுவுக்குக் கணக்கு வேண்டும், தூரம் வேண்டும், சட்டத்தின் விதி வேண்டும். பொது அமர்விலே பண்ணையார் மட்டும் போய் உட்காராதபடி, கல்லுடைக்கும் தோழன் ஒருவன் எழுந்து பேசட்டும். களையெடுக்கும் தாய் ஒருத்தி எழுந்து பேசட்டும்.

திண்டிவனம் பாராளுமன்றத் தொகுதி மறைந்த அன்று ஊரிலே பறையடித்துச் சொன்னவர் இல்லை. ஓட்டுச் சீட்டைக் கையிலே வாங்கிய பிறகே பலருக்குத் தெரிந்தது. இனி அப்படி ஒருநாள் வரக்கூடாது. கோடு கிழிக்கும் கை எவருடையதாகவும் இருக்கட்டும். அது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கும் கண் நம்முடையதாக இருக்கட்டும்!